திரையில் தெரிந்த கூட்டல் குறி

ஸ்கேன் அறை வாசலில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா வரவில்லை. அன்று கரும்பு வெட்டு. அது இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டார். முன்பு ஒருமுறை காசு கட்டி எடுத்த ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்ததிலிருந்தே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

"ஒண்ணும் இல்லன்னுதான் எழுதிக் குடுத்துட்டாங்களே, இன்னாத்துக்குத் திரும்பவும்?"

ஆனால் ஒன்றுமில்லாமல் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா உறைந்துபோவாள். கண் நிலைகுத்தும், வாய் எதையோ மெல்லும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "இன்னாடா அப்படிப் பாக்கற?" என்பாள். மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. கொதிக்கிற உலையில் கையை விட்ட பிறகு அவளைத் தனியாகச் சமைக்க விடுவதில்லை. வலிப்பு மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு என்றார் புதுச்சேரி டாக்டர். இந்த ஸ்கேன் ஆராய்ச்சிக்காக எடுப்பது, இலவசம்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். இந்த ஸ்கேனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் தெருவில் யாராவது மோட்டார் போட்டால், ஒரே லைனில் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஃபேன் ஒன்றாக வேகம் குறையும். கம்பத்தில் ஏறிப் பார்க்காமலேயே எந்தெந்த வீடு ஒரே லைன் என்று சொல்லிவிடலாம். இந்த ஸ்கேன் மூளையைப் பார்ப்பதும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் சேர்ந்து ஏறி இறங்குகிறதோ, அவையெல்லாம் இணைப்பில் இருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலோகம் கூடாது என்பதால் அம்மாவின் தாலியும் செபமாலையும் என் கைக்கு வந்தன. ஸ்கேன் எடுக்கும் அக்கா சொன்னார்: "உள்ள ஒரு குறி தெரியும்மா. அதையே பாருங்க. தூங்கக் கூடாது, அசையக் கூடாது. எதையும் யோசிக்காம சும்மா இருங்க."

எடுத்து முடித்தபின் அவர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். "தலை அசைஞ்சுக்கிட்டே இருக்கு. படம் தேறாது."

அம்மா வெளியே வந்ததும் கேட்டேன்: "இன்னாம்மா பண்ண உள்ள?"

"சிலுவ தெரிஞ்சுதுடா. செபம் சொன்னேன். மால உங்கிட்ட இருந்துச்சா, வெரல மடக்கி எண்ணிக்கினேன்."

அது சிலுவை இல்லை, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்த வைத்த கூட்டல் குறி. உதடும் தாடையும் அசைய, தலையும் கூடவே அசைந்திருக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மனசுக்குள்ளகூடச் சொல்லக் கூடாதாம், அம்மா" என்றேன்.

"சிலுவயப் பாத்துட்டு சும்மா கெடன்னா எப்படிடி கெடக்கறது?" என்று அம்மா அவரையே கேட்டாள்.

அக்கா குறியை ஒரு வட்டப் புள்ளியாக மாற்றினார். அம்மா மறுபடி உள்ளே போனாள். இம்முறை கட்டை மாதிரி கிடந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இடப்பக்கம், காதுக்கு நேர் உள்ளே மூளையில், நினைவைக் காக்கிற சின்னப் பகுதி சுருங்கியிருந்தது. பழைய ஸ்கேனில் அது தெரியவில்லை. அங்கிருந்து கிளம்பும் இணைப்புகளும் வலப்பக்கத்தைவிட மெலிந்திருந்தன. "இணைப்புப் படத்த மட்டும் வெச்சு நான் சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா முன்னாடி தலையில ஒயர் ஒட்டி வலிப்பு டெஸ்ட் எடுத்தோமே, அதுவும் இதே எடத்தத்தான் காட்டுது. ஆபரேஷன் பத்தி இனிமே பேசலாம்."

அம்மா கேட்டாள்: "அத எடுத்துட்டா செபம் மறந்துடுமா சார்?"

"அதையும் சோதிச்சுப் பாத்துட்டுதாம்மா கைய வெப்போம்."

வரும் வழியில் வில்லியனூரில் இறங்கி, மாதா கோயிலில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெளியே வந்ததும் அப்பாவின் போன்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களா?"

"இருக்குப்பா! எடம் தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் வெட்டுக்கத்தியைக் கரும்புக் கட்டின்மேல் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த தடவ நானும் வரேன்" என்றார். "இதுக்கு எவ்ளோ ஆச்சு?"

"ரெண்டு தடவ பஸ்சு, டீ, பன்னு, மெழுகுவர்த்தி, எல்லாம் சேத்து எரநூத்தி நாப்பது ரூபாப்பா."