மழைக்கு முறுகிய கிட்டார்க் கழுத்து

விடிந்ததும் ஜொனி செய்யும் முதல் வேலை, கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அதன் கழுத்து நெடுகப் பார்வையை ஓட்டுவது. நேற்றைய வளைவு இன்று குறைந்திருக்கும் என்று நம்பித்தான் பார்ப்பான்; குறைந்திருக்காது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. ஈரத்துணியைப் பிழியத் தொடங்கி யாரோ பாதியில் நிறுத்தியதுபோல், கழுத்தின் மேல்பாதி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

கிட்டார் அவனுடையதல்ல. பதுளையில் அவனோடு வயரிங் வேலை செய்த றிஸாத்துடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, வாப்பாவுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது என்று அதை ஜொனியிடம் விட்டுப்போனான். "ஒன்ட கையில ஈக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்ல மச்சான்" என்றான். தோட்டத்து லயவரிசையில் குடியிருக்கும் ஒருவனை நம்பி டவுன்காரர் ஒருவர் ஆசைப்பொருளை ஒப்படைத்தது ஜொனிக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பத்திரப்படுத்துவது ஜொனிக்குப் பழகிப்போன காரியம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரை எவரோ தவறாக எழுதிவிட, அடையாள அட்டை கிடைக்காமல், பரீட்சை மண்டபத்தின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். அதன்பிறகு வயரிங்கையும் கிட்டாரையும் தானாகவே கற்றுக்கொண்டான். கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் எறிந்ததில்லை. எல்லாம் ஒரு நீலப்பையில், கதவோர ஆணியில் தொங்கும்.

அந்தப் பைதான் வினையாயிற்று. கழுத்து முறுகுவதற்கெல்லாம் முன்பு, ஒரு மழைநாள் பிற்பகலில் மண்சரிவு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. லயம் முழுவதும் பாடசாலையை நோக்கி ஓடியது. மனைவி செசிலி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஜொனி பையை மார்போடு அணைத்து, மறுகையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். பாசிப்படியில் கால் வழுக்கியபோது இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. கை யோசிக்கவில்லை; பையை இறுக்கிக்கொண்டது. கிட்டாரின் தலைப்பகுதி கல்லில் அடிபட்டு முறிந்து, கம்பிகளில் தொங்கியது.

மலை அன்று அசையவில்லை. எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள்.

"சுத்தமா ஒடஞ்சிருக்குங்க. பசை போட்டு ஒட்டிரலாமே" என்றாள் செசிலி.

"ஒட்டுனா தழும்பு தெரியும்" என்றான் ஜொனி. தெரிந்துவிடும் என்பதுதான் அவன் பயம். றிஸாத் அறியாமலே காரியத்தை முடித்துவிட எண்ணி, அதே அளவில் புதுக் கழுத்தொன்றை இணையக் கடையொன்றில் வாங்கினான்.

பொதி வந்ததும் பிரிப்பதைச் செசிலியைக்கொண்டு வீடியோ எடுக்கவைத்தான். மரத்தில் ஒரு கீறல் இல்லை. அளந்து, துளையிட்டு, உடலோடு ஆணி முடுக்கி, கம்பி கட்டினான். நாலைந்து நாள் மழை பெய்ததும் கழுத்து முறுகியது. கம்பிகள் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் உரசி இரைந்தன. மரத்தைச் சரியாகக் காயவைக்காமல் செதுக்கியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கிற்று. படங்கள், பற்றுச்சீட்டு, வீடியோ எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கடைக்கு அனுப்பினான். துளையிட்ட பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. துளையிட்டுக் கம்பி கட்டினாலொழிய இந்தக் குறை வெளியே வராது என்று நிதானமாக விளக்கி எழுதினான். அதற்குப் பதிலே வரவில்லை. மறுபடியும் ஒரு வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவனாக நின்றான்.

அந்த வாரமே றிஸாத் அழைத்தான். லீவு கிடைத்துவிட்டதாம், பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் வாங்கிய வீட்டுக்கு வருகிறானாம், கிட்டாரை அங்கே கொண்டுவரட்டுமாம். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான் ஜொனி.

ஹாலிஎலயில் அப்போது அவனுக்கு வயரிங் வேலை இருந்தது. லயத்து ஈரத்திலிருந்து தப்பட்டும் என்று கிட்டாரை வேலைத்தலத்திலேயே வைத்தான். அங்கே நல்ல வெயில். சில நாட்களில் கழுத்து நூல் பிடித்ததுபோல் நிமிர்ந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவனுக்கு அப்போதுதான் பயம் இரட்டிப்பாயிற்று. இப்படியே கொடுத்துவிடலாம். றிஸாத் வாசிப்பான், மெச்சுவான், திரும்பிப் போவான். அடுத்த மழைக்குக் கழுத்து முறுகும். அப்போது தன் பெயரும் அதோடு சேர்ந்து முறுகும்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு நீலப்பையையும் எடுத்துப்போனான். றிஸாத் கட்டிப்பிடித்து, தேத்தண்ணி கொடுத்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். சுருதி சுத்தமாக எழுந்தது. "புதுசு மாதிரி வெச்சீக்கிறாயே" என்றான். அப்படிச் சொன்னபோதே அவன் பெருவிரல் கழுத்தின் பின்புறம் மேலும் கீழுமாக எதையோ தேடியது. பழைய கழுத்தில் அங்கே ஒரு பள்ளம் இருந்ததை ஜொனியும் அறிவான்.

"தேடாத றிஸாத். அது இல்ல" என்றான். "ஒன்னோட நெக்கு ஒடஞ்சிருச்சு. இது வேற. மழை வந்தா இதுவும் முறுக்கிக்கும்."

சங்கு ஊதியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எதைக் காப்பாற்றினான், எதை விட்டான் என்பதையும் மறைக்கவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினான். றிஸாத் அவற்றைத் தொடவில்லை. கிட்டாரை மடியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தான். வாசலைக் காட்டப்போகிறான் என்றே ஜொனி நினைத்தான்.

"மலை சரியும்னு நீங்க குடும்பத்தோட ஓடீக்கிறீங்க" என்றான் றிஸாத் கடைசியில். "கிழமைக்கு ஒருக்கா போன்ல பேசுறோம். மழையா மச்சான்னு கேட்டா, லேசான மழைன்னு செல்றாய். கிட்டாருக்காக என்னய அந்நியனாக்கிட்டியே."

ஜொனி காகிதங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

"பழைய நெக் எங்க? எறிஞ்சிட்டியா?"

"நான் எதத்தான் எறிஞ்சேன்?"

றிஸாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதானே. பஸ் டிக்கட்டயே எறியாதவன்."

நீலப்பையின் அடியில், துணியில் சுற்றியபடி இரண்டு துண்டுகளும் இருந்தன. தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப்பசையைப் பூசி, துண்டுகளைப் பொருத்தி, இருவருமாக இறுக்கிக் கட்டினார்கள். ஜொனி அன்று அங்கேயே தங்கினான்.

மறுநாள் பின்னேரம் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். ஒட்டிய இடத்தில் கோணலாக ஒரு கோடு ஓடியது. பழைய கழுத்தை உடலோடு முடுக்கி, கம்பிகளை ஏற்றினார்கள். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக ஜொனி முறுக்கினான். இழுவிசை ஏற ஏறப் பசை விட்டுவிடும் என்ற பயத்தில், அவன் காது சுருதியை விட்டு அந்தக் கோட்டிலேயே நின்றது. கடைசிக் கம்பியில் கை தயங்கியது.

"நீயே முறுக்கு றிஸாத். எனக்குப் பயமாருக்கு."

"எனக்கும்தான்" என்றான் றிஸாத். அவன் ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொள்ள, ஜொனி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, மெதுவாக முறுக்கினான்.