தேத்தண்ணிச் சிலிண்டர்

டொரதியின் அடுப்படியில் எப்போதும் இரண்டு கேஸ் சிலிண்டர்கள் இருக்கும். ஒன்று சோற்றுக்கு, மற்றது தேத்தண்ணிக்கு. நாடு முழுக்கக் கேஸுக்குத் தட்டுப்பாடாகி, வெற்றுச் சிலிண்டரோடு வெயிலில் வரிசை நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு அவள் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. சுவாலை தளர்ந்து சோற்றுப்பானைக்கு உதவாமல் போன சிலிண்டரை அவள் கடைக்குத் திருப்ப மாட்டாள். மூலைக்குத் தள்ளி, ஒற்றை அடுப்பை மாட்டி, அதன் கடைசி மூச்சுவரை தேத்தண்ணி ஊற்றுவாள். நிறைந்த சிலிண்டர் மட்டும் எவர் கேட்டாலும் வாசல் தாண்டாது.

மகள் அனற் கேட்டபோதும் தாண்டவில்லை.

அனற் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வு மாணவி. காபன் நானோக்குழாய் செய்வது அவளுடைய வேலை. தலைமயிரை ஆயிரமாயிரமாகக் கிழித்தாலும் எட்டாத அளவு மெல்லிய, உள்ளே வெறுமையான கரிக் குழாய்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சுத்தமான வாயு வந்தபாடில்லை. சமையல் கேஸிலும் காபன்தானே இருக்கிறது, அதில் செய்து பார்க்கிறேன் என்று அவள் நின்றாள்.

"கரி செய்யவா கெம்பஸ் போன?" என்றார் அப்பா சுவக்கின். மாநகரசபையில் வேலை செய்பவர். "ஒங்கம்மா சட்டிக்கு அடியில தெனம் செய்றாளே."

"அது கரி. இது குழாய்ப்பா."

"குழாய்னா தண்ணி வருமா?"

"நம்ம மஹய்யாவையில இருக்குற குழாயிலயே வரல, இதுல எங்க வரப் போகுது?"

டொரதி தேத்தண்ணிச் சிலிண்டரைத்தான் கொடுத்தாள். அனற் அதை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்தில் எல்லாரும் 'போறணை' என்று அழைக்கும் மின்னுலைக்குள் கண்ணாடி போன்றதொரு குழாய் நீண்டு கிடக்கும். அதற்குள் இரும்பு கலந்த தூளை வைத்து, காற்றை வெளியேற்றி, உலை செந்தணலாகும்வரை சூடேற்றிக் கேஸைத் திறந்துவிட்டாள். தூள் கறுத்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சிக்குப்பட்ட நூல்பந்து போலக் குழாய்கள், எல்லாம் குழாய்கள்.

எந்தக் கேஸ் என்று ஆய்வுகூடத்தில் கேட்டார்கள். "வீட்டுக் கேஸ்" என்றாள், அவ்வளவுதான். தேத்தண்ணிக்கு ஒதுக்கிய மிச்சம் என்று சொல்ல நா எழவில்லை. மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பென்று தெரிந்து 'மஹய்யாவையா?' என்று இளக்காரமாக இழுத்துக் கேட்பவர்களை அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே அறிவாள்.

நல்ல முடிவு வந்த சந்தோஷத்தில் திணைக்களம் புத்தம்புதுச் சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியது. அன்றிலிருந்து ஒரு குழாயும் விளையவில்லை. தூளை மாற்றினாள், சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். கரிதான் வந்தது.

"தங்கச்சி, இது சும்மா கரி," என்றார் உலையைப் பார்த்துக்கொள்ளும் நபீல் நாநா, அலவத்துகொடைக்காரர். "எங்கட ஊட்டுக் குசினிச் செவத்துல இதவிட நல்லது ஈக்கி. சொரண்டித் தரவா?"

மேற்பார்வையாளர் கலாநிதி தவநேசன் யாழ்ப்பாணத்தவர், குரல் உயர்த்தாதவர். "பிள்ளை, முதல்தரம் வந்தது தற்செயல் போல கிடக்கு. உங்கட ஆய்வு முன்னேற்ற மீளாய்வுக்கு முதல் தலைப்பை மாத்துவம். போறணைக்கு மற்ற ஆக்களும் காத்துக்கொண்டு நிக்கினம்."

"மாத்த மாட்டேன் சேர்."

"அங்க கரியைக் காட்டினால் உங்கட ஆய்வுப் பதிவையே நிப்பாட்டிப்போடுவினம். விளங்குதோ?"

"விளங்குது. மாத்த மாட்டேன்."

ஆய்வு நின்றால் ஏதாவதொரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைக்கும். அது கேவலமல்ல. ஆனால் தான் கண்ணால் கண்ட ஒன்றை இல்லையென்று ஒப்புக்கொண்டு அங்கே போய் உட்கார அவள் தயாராக இல்லை.

அடுத்த நாள் காலை டொரதி மூலை அடுப்பைப் பற்றவைத்தாள். இப்போது தேத்தண்ணிக்கு வந்திருந்தது வேறொரு சிலிண்டர். சுவாலை பிடிக்குமுன் குப்பென்று நாற்றம் வந்தது. அனற் முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகம் அப்படியே நின்றது. ஆய்வுகூடத்துப் புதுச் சிலிண்டர் இப்படி நாறவில்லையே. கேஸ் கசிந்தால் தெரியவேண்டுமென்று அதில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். அந்தப் பொருளில் கந்தகம் உண்டு. கேஸ் முந்திப் போக, அந்த நாற்றம் பிந்தி அடியில் தங்குகிறது. அந்தத் துளிக் கந்தகம்தான் குழாய் விளைய இரும்புக்குக் கைகொடுத்திருந்தால்?

"அம்மா, அடுப்ப நிப்பாட்டுங்க. சிலிண்டர் வேணும்."

"அடியே, தண்ணி கூட கொதிக்கல!"

"வேணும்மா."

"போன தடவையும் உறிஞ்சிட்டு வெறும் டப்பாவத்தான் கொண்டாந்த. ஒங்கப்பா காலையில என்னத்தக் குடிப்பாரு?"

"எனக்கு வேணாம்," என்றார் சுவக்கின், ஏற்கெனவே சிலிண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கியபடி. "புள்ள கரி அள்ளி அள்ளிக் கறுத்துப் போச்சு. இந்தா, புடி."

அன்று அனற் ஒரே தூளைப் பிரித்து வைத்து, முதலில் புதுச் சிலிண்டரின் கேஸைவிட்டாள். கரி. பிறகு தேத்தண்ணிச் சிலிண்டர். குழாய்கள். மூன்றாவதாக அதே கேஸைப் பதப்படுத்திய சிரட்டைக்கரி வழியாக அனுப்பி நாற்றத்தை உறிஞ்சவிட்டாள். மறுபடியும் கரி.

நபீல் நாநா நுணுக்குக்காட்டிப் படத்தைக் குனிந்து பார்த்தார். "நாத்தத்துலயா ஈந்திச்சி?" என்றார். "அப்ப எங்கூட்டு மிச்சத்தையும் கொண்டாறன்."

மீளாய்வு ஆங்கிலத்தில் நடந்தது. குழுவில் ஒருவர் கேட்டார், முதல் முடிவுக்கும் பிந்திய தோல்விக்கும் என்ன வித்தியாசம் என்று. அனற் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள், இரண்டு சொல் மட்டும் வீட்டில் சொல்வதுபோலவே வந்தன: தேத்தண்ணிச் சிலிண்டர். எங்கள் வீட்டு மிச்சம், மஹய்யாவை வீட்டு மிச்சம், ஆரம்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டது நான்தான் என்றாள். எவரோ சிரித்தார். அவள் சிரித்தவரையே பார்த்துக்கொண்டு அடுத்த படத்தைப் போட்டாள். அதன்பிறகு கேள்விகள் கந்தகத்தைப் பற்றி மட்டுமே வந்தன. பதிவு நிலைத்தது.

வெளியே வந்ததும் தவநேசன் சொன்னார். "ஆய்வுக் கட்டுரையில 'அழுத்தம் குறைஞ்ச எஞ்சிய வாயு' எண்டு போடுவம். வீட்டுக் கதை வேண்டாம். சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் சேர். வெக்கப்பட்டு மறைச்சதாலதான் இவ்வளவு நாளும் கரி அள்ளினேன். தேத்தண்ணி ஊத்தி ஊத்தித் தீர்ந்த சிலிண்டர்னு எழுதினாத்தான் இன்னொருத்தருக்கும் குழாய் வரும்."

"எழுதாட்டில்?"

"அப்ப எம்பேர எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், எழுதுங்கோ," என்றார் கடைசியில்.

அன்று மாலை அனற் வெற்றுச் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தாள். டொரதி அதைக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஒரு கோப்பைக்குக் கூட மிச்சம் வைக்கலியே, படுபாவி."

"இல்லம்மா," என்றாள் அனற். "அடுத்தது எப்ப தீரும்?"