பதினோரு விமானமும் ஒரு டிஸ்பென்சரி கார்டும்

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. இன்றைக்கு டில்லியில் முனிர்காவில் ஒன்று, ஜனக்புரியில் ஒன்று என்று இரண்டு மாவுக்கடை என் பெயரில் ஓடுகின்றன. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் எம்.பி.ஏ. படித்த பையன் ஒருவன் வந்து, "ஆன்ட்டி, எந்தச் சரக்கை வைக்கணும், எதைத் தூக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டான். பத்து வயதில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் கற்றுக்கொண்டது என்றேன். சிரித்தான். அவனுக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதிப் பாதி இதுதான்.

அப்போது எங்கள் பிளாக்கில் எல்லாப் பிள்ளைகளும் விமானக் கார்டு ஆடுவார்கள். சீட்டுக்கட்டு அளவில் அட்டை. முன்பக்கம் ஒரு விமானத்தின் படம், அதன் கீழே நாலு வரி: வேகம், எடை, பறக்கும் உயரம், போகும் தூரம். பின்பக்கம் வெறும் நீலம். ஆளுக்கு ஒரு கட்டு. மேலே இருக்கும் கார்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். யாருடைய முறையோ அவர் நாலில் ஒன்றைச் சொல்லுவார். அந்த வரியில் யாருக்கு எண் பெரிதோ அவருக்கு இரண்டு கார்டும். அடுத்த முறையும் அவருக்கே. ஆட்டம் முடிந்து கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது கச்சா. ஜெயித்தவரே வைத்துக்கொண்டால் பக்கா. கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பையன் பிட்டு பக்காவைத் தவிர வேறு ஆடமாட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கட்டு முழுக்க ஜெட் விமானம்.

"யே ஜஹாஸ் ஹை யா சைக்கிள்?" என்று என் கார்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவான். விமானமா சைக்கிளா என்று கேட்கிறான். என்னிடம் இருந்தவை விசிறி வைத்த பழங்காலத்து விமானங்கள். பாலம் விமான நிலையத்தில் இறங்கப் போகிற விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போதுகூட, அது என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே தோன்றும்.

ஒரு நாள் என் பதினேழு கார்டுகளையும் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் புரிந்தது. என்னை மோசம் செய்தவை மட்டமான கார்டுகள் இல்லை, எல்லாவற்றிலும் சுமாரான கார்டுகள். வேகமும் சுமார், எடையும் சுமார், உயரமும் சுமார். முறை என் கையில் இருந்தாலும் எதைச் சொல்லுவது என்று தெரியாது. அவற்றையெல்லாம் பக்கத்து பிளாக் பிள்ளைகளிடம் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று தள்ளிவிட்டேன். நத்தை மாதிரி ஊர்ந்தாலும் எடையில் யானையாக இருக்கிற சரக்கு விமானம் ஒன்று வந்தது. எடையே இல்லாவிட்டாலும் வானத்தின் உச்சிக்குப் போகிற உளவு விமானம் ஒன்று வந்தது. பதினேழு பதினொன்றாகச் சுருங்கிற்று, கட்டின் பலம் இரண்டு மடங்காயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வேண்டாததைக் கழித்தால் கட்டு தானாகத் தேறும்.

ஆனால் வேகத்துக்கு மட்டும் ஆள் இல்லை. பிட்டு "ஸ்பீட்" என்று சொன்னால் போச்சு. வேகமான கார்டை எவனும் மாற்றித் தர மாட்டான். அதனால் நானே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

படம் கிடைத்துவிட்டது. அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஊசி மாதிரி மூக்குடைய ஜெட் விமானம் ஒன்று இருந்தது. ஒட்ட மைதாப் பசை இருந்தது. தடித்த அட்டை, அதுவும் பின்பக்கம் நீலமாக உள்ள அட்டை, அதற்கு எங்கே போவது? வீடு முழுக்கத் தேடினேன். பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் கிடைத்தது. எங்கள் டிஸ்பென்சரி கார்டு.

மத்திய சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் அந்தக் கார்டைக் காட்டினால்தான் டிஸ்பென்சரியில் டாக்டரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம். அம்மாவுக்கு இழுப்பு. டில்லியில் பனி இறங்கிவிட்டால் அவள் மூச்சு விடும் சத்தம் சமையல்கட்டிலிருந்து வாசல்வரை கேட்கும். அந்தக் கார்டு இல்லாவிட்டால் அம்மாவுக்கு மருந்து இல்லை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் கார்டு முழுவதையும் எடுக்கவில்லை.

திறந்து பார்த்தேன். உள்பக்கம் கட்டம் போட்டு, ஆங்கிலத்தில் கோழி கிளறியது போலக் கையெழுத்து. முதல் வரி அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது நான். என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலாவது வரியில் என்னவோ எழுதி, அதன்மேல் சிவப்பு மையால் நீளமாகக் கோடு இழுத்திருந்தது. அதற்குக் கீழே வெறுங்கட்டங்கள். சிவப்புக் கோடு என்றால் பள்ளிக்கூடத்தில் தப்பு என்று அர்த்தம். யாரோ தப்பாக எழுதி அடித்திருக்கிறார்கள், யாருக்கும் வேண்டாத வரி. கத்திரிக்கோலை எடுத்து, நாலாவது வரியும் அதன் கீழே இருந்த வெற்றிடமும் சேரும்படியாகச் சீட்டு அளவுக்கு வெட்டினேன். நீலப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும். அதனால் எழுத்து இருந்த பக்கத்தில் படத்தை ஒட்டினேன். வேகத்துக்கு எதிரே, பிட்டுவிடம் இருக்கும் எல்லா எண்ணையும்விடப் பெரிதாக ஒன்றை எழுதினேன். சந்தேகம் வரக் கூடாதென்று எடையைக் கம்மியாகப் போட்டேன்.

அந்தக் கார்டு என்னிடம் ஒரு நாள்தான் இருந்தது. அது கட்டின் மேலே வந்த நேரத்தில் முறை பிட்டுவுடையது. "வெயிட்" என்றான். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கண் விழித்தபோது வீடே விசில் அடித்தது. அம்மா கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, ஹாஃப் டே சொல்லிட்டுப் பதினோரு மணிக்கு வந்துருதேன். டிஸ்பென்சரிக்குப் போயிருவோம். ஏட்டி, அம்மைக்கு வெந்நி வச்சுக் குடு. அந்தக் கார்டை எடுத்து வெளிய வையி."

வெந்நீர் வைத்தேன். கார்டை எடுக்கவில்லை. அம்மா தம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"குளிருதும்மா."

"சொட்டர் போடு." அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவிலே அவள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள்.

கார்டில் ஓட்டை விழுந்தால் செல்லாது, செல்லாவிட்டால் மருந்து இல்லை, மருந்து இல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள், என்னைப் போலீஸ் பிடிக்கும். இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிந்தபோது நான் கீழ்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

குளிர்கால லீவு. பிட்டு ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து எழுந்து வரவே ஒன்பதரை. அப்புறம் பராத்தா. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவனுக்கு ஊர்ப்பட்ட பேச்சு. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்த ஊசிமூக்குக் கார்டைத் திருப்பிக் கொடு. என் கார்டு பதினொன்றும் எடுத்துக்கோ" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அத்தனையும் சைக்கிள். எனக்கு எதுக்கு?"

"அப்போ ஆடு. பக்கா. உன் கட்டுல அந்தக் கார்டு இருக்கணும்."

"ரோனா மத், அச்சா?" அழக் கூடாது, சரியா என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான்.

அவனுக்கும் பதினொன்று, எனக்கும் பதினொன்று. டாஸ் அவனுக்கு விழுந்தது. "ஸ்பீட்." போச்சு. "ஸ்பீட்." போச்சு. "ஸ்பீட்." ஆறு கார்டு போயிற்று. மேலே எங்கள் வீட்டிலிருந்து அம்மா இருமுவது கேட்டது. இருமல் கேட்டால் பயம், நின்றால் அதைவிடப் பயம். ஏழாவதுக்கு அவன் மேலே வந்த கார்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தான். வேகம் சரியில்லை போலிருக்கிறது. "ஹைட்" என்றான். என் கையில் உளவு விமானம். முறை என் பக்கம் வந்தது.

அடுத்து என் சரக்கு விமானம். நான் அவன் கட்டைப் பார்த்தேன். மேலே இருந்த கார்டின் ஒரு மூலை வளைந்திருந்தது. கடையில் வாங்கிய கார்டு வளையாது. மைதாப் பசை காய்ந்தால்தான் வளையும். அது என்னுடையது.

"வெயிட்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

கார்டைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஏறி ஓடினேன். மீதி அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டேன். "அரே, கேம் கதம் நஹி ஹுவா!" ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று பிட்டு கத்தினான். எனக்கு ஆட்டம் முடிந்துவிட்டது.

மணி பத்தே முக்கால். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கார்டை மக்கில் இருந்த தண்ணீரில் முக்கினேன். படம் உரிந்து வந்தது. சந்தோஷமாக இழுத்தேன். அட்டையின் மேல்தாளும் கூடவே வந்துவிட்டது. அந்த நாலாவது வரி தண்ணீரில் நீலமும் சிவப்புமாகக் கலங்கிற்று. நான் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வெட்டின துண்டை ஓட்டையில் பொருத்துவதுதான் என் வேலை. துணியில் ஒற்றி, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரத்தில் தேய்த்து, கார்டில் அழுத்தி, உறைக்குள் தள்ளியபோது வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம்.

அப்பா பிரித்துப் பார்க்காமல் உறையோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அம்மாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூன்று மணி நேரம் நின்றேன். எழுதுகிறபோதே உள்ளங்கையில் அந்தக் கம்பியின் குளிர் ஏறுகிறது. தெருவில் ஆட்டோ வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். மலை மந்திர் கோயில் முருகனுக்கு, இனிமேல் கார்டையே தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். அம்மா தானே படி ஏறி வந்தாள். மூச்சு தணிந்திருந்தது. அப்பா கையில் மருந்துப் பை. கவுண்டரில் இருந்தவர் கார்டின் முன்பக்கத்து நம்பரைப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டாராம். கிழிந்த கார்டை மாற்றிக்கொள்ளுங்கள், ஃபாரம் தருகிறேன் என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். அதற்கா இத்தனை பயந்தேன்!

ஆனால் அம்மாவின் கை மூடியிருந்தது. விரலைத் திறந்தாள். சோற்றுப் பசை விட்டுப்போன அந்தத் துண்டு.

"ஏட்டி, வெட்டுனது நீதான?" என்று அப்பா கையை ஓங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"இதுல எழுதியிருந்துச்சே. அது எங்கட்டி?"

"தண்ணில போயிட்டும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து, சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, இன்னும் சொன்னேன்: "அது கேன்சல் பண்ணினதுதானம்மா. செவப்புக் கோடு போட்டிருந்துச்சே."

அப்பாவின் கை தானாகக் கீழே இறங்கியது. அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒரு தங்கை பிறந்து, ஒன்பது மாதம் எங்களோடு இருந்தாள் என்பதை என் கல்யாணத்துக்குப் பிறகு சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லையாம். அவள் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அந்த வரி. அப்பா ஏன் ஏழு வருஷமாகக் கார்டை மாற்றவில்லை, அம்மா ஏன் அதைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள் என்று கணக்குப் போட எனக்கு அப்போதுதான் முடிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மருந்து வந்துவிட்டது. புதுக் கார்டு வரப்போகிறது, அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்றே வரியாகச் சுத்தமாக. அடியும் விழவில்லை. அப்படியிருந்தும் அம்மா அந்த வெற்று அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு முடியாததால் அப்படி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அலுத்துப் போயிற்று. முருகனிடம் சொன்னதும் மறந்துவிட்டது. பிட்டுவிடம் விட்டுவந்த கார்டுகளைக் கேட்டு வாங்கக் கீழே ஓடினேன்.