கார்க் கதவில் இரண்டு சொற்கள்

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக நிற்கும் எங்கள் லயத்தில் முதலில் கார் வாங்கியவள் நான்தான். பசறைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. பல கை மாறி வந்த பழைய கார், ஆனால் நல்ல சிவப்பு. லயத்துக்குக் கீழே கோவில் திடலின் ஓரத்தில் நிறுத்துவேன்.

வாங்கிய புதிதில், ஒரு காலை ஓட்டுநர் பக்கக் கதவில் யாரோ ஆணியால் கீறி வைத்திருந்தார்கள்: ‘நடந்து போ.’

தமிழில், பிழையில்லாமல். வெளியாள் செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இது எங்களில் ஒருவர்.

அம்மா முந்தானையால் கதவைத் துடைத்துப் பார்த்தாள். “பஸ்ஸுல போயிருந்தா இந்த வம்பு வருமா? ஒரு துணியப் போட்டு மூடு புள்ள. பாக்குறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்மா. எழுதுன ஆளுக்குத்தான் வெக்கம்.”

மூடவில்லை. அந்தக் கதவோடுதான் தினமும் பாடசாலைக்குப் போனேன். லயத்தைக் கடக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். ஒரு நாள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் கை காட்டி நிறுத்தினார்.

“சில பேரு கண்ண உறுத்துது டீச்சர். கொஞ்ச நாளைக்குக் கீழ கடைப் பக்கம் நிப்பாட்டுங்களேன்.”

“யாரு கண்ணுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

அவர் குனிந்து இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“தெரிஞ்சா அவுங்கள வேற பக்கம் பாக்கச் சொல்லுங்க. காரு அங்கயேதான் நிக்கும்.”

ஆனால் அம்மா அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டாள். மூட்டு வலிக்கு மருந்தெடுக்கப் பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், காலை இழுத்து இழுத்துத் திரும்பினாள். அதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். அந்தச் சொற்கள் போகட்டும். நான் போகமாட்டேன்.

பதுளையில் கீறல்களைத் தேய்த்து மெருகேற்றும், கட் அன்ட் பாலிஷ் செய்யும் ஒரு கராஜ் இருந்தது. அதை நடத்திய முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கதவைப் படித்தார். யார், ஏன் என்று கேட்கவில்லை. விரல் நகத்தால் கீறல்களின் குறுக்கே இழுத்துப் பார்த்தார்.

“நகம் சிக்காத கீறல் போயிடும் டீச்சர். சிக்குறது மங்கும், முழுசாப் போகாது.”

கதவைக் கழுவி, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டி, மெஷினின் பஞ்சுத் தட்டில் பசை போன்ற மருந்தை வைத்தார்.

“நானே தேய்க்கிறேன் நானா.”

“மெஷின் இழுக்கும்.”

“இழுக்கட்டும். பசற ரோட்டு வளைவுல காரையே பிடிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டார். முதலில் ஓர் உடைந்த காரின் கதவில் பழகவிட்டார். அழுத்தக் கூடாது, ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் பெயின்ட் சூடேறிக் கருகிவிடும் என்றார். பிறகு என் கதவு. மெஷின் உறுமியது, தோள் வரை நடுங்கியது. துணியால் துடைத்தபோது ‘நடந்து’ புகை போல மங்கியிருந்தது. மறுபடி தேய்த்தேன். இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

‘போ’ மட்டும் ஆழம். எழுதியவர் அந்த எழுத்தில்தான் ஆத்திரம் முழுவதையும் இறக்கியிருந்தார். நானா மெஷினை வாங்கித் தானே தேய்த்தார். புறங்கையால் சூடு பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“இதுக்கு மேல தேச்சா மேல்பூச்சே போயிடும். கதவுக்குப் பெயின்ட் அடிச்சிடலாமா?”

“வேணாம் நானா. குனிஞ்சு தேடுறவங்களுக்கு மட்டும் தெரியட்டும்.”

அன்று மாலையே காரைத் திடலில், அதே இடத்தில் நிறுத்தினேன்.

அடுத்த முறை மருந்தெடுக்கப் போகும் நாளில் அம்மா பையோடு இறங்கி வந்தாள். கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

“இன்னும் லேசாத் தெரியுது.”

“ஆமா. தெரியுது.”

அம்மா லயத்தைப் பார்த்துத் திரும்பினாள். வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாதவள், எல்லா வாசலுக்கும் கேட்கும்படி கத்தினாள்: “எழுதுனது யாரா இருந்தாலும் கேட்டுக்க! நா எம் மக கார்லதான் போவேன்!”

முன் இருக்கையில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

கீறியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு அக்கா அந்தத் திடலில் என்னிடம் கார் பழகுகிறார். கிளச்சை விடும்போதெல்லாம் கார் துள்ளி நிற்கிறது. லயமே வேடிக்கை பார்க்கிறது. அக்கா மறுபடி சாவியைத் திருப்புகிறார்.