ஆமென் சொல்லத் தெரியாமல் கண்ணமங்கலம் போய் வந்தேன்

நேற்று, சனிக்கிழமை, கண்ணமங்கலம் போய் வந்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போன் வெளிச்சம் தெரியாமல் போர்வைக்குள் இதை எழுதுகிறேன். கடவுள் கூப்பிட்டும் "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று பயந்து நிற்கும் யாருக்காவது உதவலாம்.

என்னோடு ப்ளஸ் ஒன் படிக்கும் கண்ணமங்கலம் ஜாய்ஸின் அம்மாவுக்குத் திங்களன்று வேலூரில் ஆபரேஷன். ஜாய்ஸ் தந்த சுவிசேஷப் புத்தகத்தைச் சில மாதங்களாக ஒளித்து வைத்துப் படிக்கிறேன். நாங்கள் சேவூரில் பட்டு நெய்யும் குடும்பம். குலதெய்வம் தவிர வேறு சாமி பேச்சு வீட்டில் கிடையாது. வியாழக்கிழமை தறிச் சத்தத்தில் கண் சொக்கியபோது, யாரோ என் பெயரைச் சொல்லி, போய் அந்த அம்மாவுக்காகக் கேள் என்றது போலிருந்தது. விழித்தும் அது போகவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தால் ஜாய்ஸோடு பேசவே விடமாட்டார்.

டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆரணி வரை டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பத்தே காலுக்கு வேலூர் பஸ். கண்ணமங்கலத்துக்கு முக்கால் மணி நேரம், பதினெட்டு ரூபாய். ஜன்னலோரம் உட்காருங்கள். நெல்வயல்களும் தூரத்து மலைகளும் நகர நகர, நானாகப் போகிறேனா, யாரோ கொண்டுபோகிறார்களா என்று தெரியவில்லை. கண்டக்டர்தான் எழுப்பினார்.

"எறங்கு பாப்பா, ஜல்தி. கனா கண்டுகினே வேலூருக்கு வந்துடப் போற!"

ஜாய்ஸ் வீட்டில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வர நேரமாகுமாம். ஜாய்ஸின் அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ ஜெபம் பண்ணு கண்ணு."

"எனக்குத் தெரியாதுங்க ஆன்ட்டி."

"தெரிஞ்சவங்கள்லாம் பண்ணிட்டாங்க. நீ பண்ணு."

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். "சாமி, இவங்க பயந்துகினு இருக்காங்க. நானுந்தான். கூட இருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. யாரும் கண் திறக்கவில்லை. ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் இன்னும் ஜெபிப்பதாக நினைத்து அவர்கள் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. திரைச்சீலை அசைய, வெயில் பாயின்மேல் தண்ணீர் போல அலைந்தது. ஆன்ட்டியின் நெற்றிச் சுருக்கம் மெல்லக் கரைந்தது. எங்கள் நடுவில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததைப் போல நானும் அசையாமல் இருந்தேன்.

கடைசியில் ஆன்ட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "ஆமென் சொல்லு கண்ணு, காலு மரத்துப் போச்சு."

அறையே சிரித்தது. ஆன்ட்டி சிரித்துப் பல நாளாயிற்றாம். பஸ் ஏற்றிவிட வந்த ஜாய்ஸ், "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வர்றியா? உள்ள போறதுக்கு முன்னாடி நீ பக்கத்துல இருக்கணுமாம்" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: மதியத்துக்கு மேல் திரும்பும் பஸ்ஸில் கூட்டம். தலையில் போட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபம் கற்றுக்கொண்டு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அரை நிமிடத்தில் ஆமென் சொல்லி முடித்திருப்பேன்.

பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வரவில்லை. இன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த பட்டுநூலைச் சிக்கெடுத்து முடித்தாள். பிறகு, "எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு. அதற்கு முன் அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டுத்தான் போவேன்.