பதினொரு வினாடி அண்ணன்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடும் அவளுக்கு வயது ஐம்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, படுத்த படுக்கையாக அம்மா, கட்டிலுக்கு எதிரே ஒரு டிவி. ஆண்டுக் கடைசி விடுமுறையில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவியில் போடும் நாளில் மட்டும், யார் என்ன சொன்னாலும் அவள் வேலைக்குப் போகமாட்டாள்.

ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும் படம் அது. சுற்றுலா கிளம்பும் ஒரு குடும்பம் ரயில் நிலையத்தில் பெட்டிகளைத் தொலைத்துவிட்டுப் படும் பாடுதான் கதை. இவளும் அம்மாவும் சிரிக்க உட்காருவதில்லை. அந்த ரயில் நிலையக் கூட்டத்தில் அண்ணன் வருவான். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றவன். கேமராவைப் பார்க்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் திரும்பிப் பார்த்து, பல் தெரியச் சிரித்துவிட்டு நடப்பான். மொத்தம் பதினொரு வினாடி.

படம் வெளிவருவதற்குள் அவன் கப்பல் வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். வீட்டிலிருந்த அவனுடைய ஒரே போட்டோவை, அவனைத் தேடுவதற்கென்று போலீஸ் வாங்கிக்கொண்டது. அவனும் வரவில்லை, போட்டோவும் வரவில்லை.

ஒரு வருஷம், அந்தப் படத்தைப் புதுசாக மெருகேற்றிப் போடுவதாக டிவியில் ஒரே விளம்பரம். அம்மாவுக்கு மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தாள். படம் கண்ணாடி போல இருந்தது. ரயில் வந்தது, பெட்டி தொலைந்தது, அடுத்த நொடி குடும்பம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் நின்றது.

"எங்கடி அவன்?"

"இப்பதாம்மா போனான். நீ கண்ண மூடிட்டே."

"நான் மூடவே இல்ல. என்கிட்டயே கத விடறியா?"

மறுநாள் டிவி நிலையத்துக்குப் போனாள். நிகழ்ச்சி அதிகாரி நல்ல மனுஷன்தான், உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"அந்த எடத்துல ஃபிலிம் ரொம்ப கெட்டுப்போச்சும்மா. சரிபண்ண முடியல, வெட்டி எடுத்துட்டாங்க."

"பழசு ஒண்ணுகூடவா இல்ல, சார்?"

"டப்பாவத் தெறந்தா புளிச்ச நாத்தம், தொட்டாப் பொடியா உதிருது. தூக்கிப் போட்டுட்டாங்க."

"அதுல எங்க அண்ணன் இருந்தான்."

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதோடு விடவில்லை. பழைய வீடியோ கேசட் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினாள். கூட வேலை பார்ப்பவள் போனில் துழாவித் தந்ததெல்லாம் அதே வெட்டுப்பட்ட படம். ஒரு கடையில் கேசட் கிடைத்தது. ஓடவிட்டால், அதன்மேல் யாரோ கிரிக்கெட் பதிவு செய்திருந்தார்கள்.

அடுத்த விடுமுறையில் பாதிப் படத்தில் அம்மா திடீரென்று கையை நீட்டினாள்.

"அதோ! எப்படி எளச்சுப் போயிட்டான் பாரு எம்புள்ள!"

திரையில் போர்ட்டர் ஒருவன் பெட்டி சுமந்துபோனான். ஒட்டிய கன்னம், முறுக்கு மீசை. எந்த ஜாடையும் இல்லை. சொல்ல வாயெடுத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அவன்தான்."

அன்றிலிருந்து அம்மா அவனைப் பற்றியே பேசினாள். அவன் மீசையைப் பற்றி, கன்னத்தைப் பற்றி, வேளாவேளைக்குச் சாப்பிட்டானோ இல்லையோ என்பதைப் பற்றி. இவளும் தினமும் ஈடுகொடுத்துப் பேசினாள். மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இப்போது இஸ்திரி மேசை முன்னால் நிற்கும்போது அண்ணனின் சிரிப்பை நினைத்துப் பார்க்க முயல்கிறாள். முறுக்கு மீசைக்காரன்தான் வருகிறான். போர்வையை மடித்து வைத்துவிட்டு மறுபடி முயல்கிறாள். மறுபடியும் அவன்தான்.