சங்கல்பத்தில் சிக்கிய தீவு

தாலி தட்டில் இருக்கிறது. ஹோமம் புகைகிறது. நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு குருக்கள் முகத்தையே பார்க்கிறார். அப்போதுதான் பெண் எழுந்து நின்றுவிட்டார். பெண் என்றால் பேரன் பேத்தி எடுத்தவர். நடந்தது அறுபதாங் கல்யாணம்.

நான் பிறந்தது காரைக்கால், வாழ்க்கைப்பட்டது காரைக்குடி. கொத்தமங்கலத்தில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே கைடாக வேலை பார்த்தேன். மேனேஜர் மெய்யப்பன் எம்.பி.ஏ. படித்த தம்பி. "மேடம், கெஸ்ட்டுக ரூமுக்கு வரலை, ஸ்டோரிக்கு வர்றாக" என்பார். ஸ்டோரி இல்லாத தூணைக்கூட அவர் விடமாட்டார்.

அந்த சீசனில் குவாதலூப்பிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு அது. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கென்று காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே நிறைய. தமிழ் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். இவர் முசியே, அதாவது திருவாளர், ராமசாமி. மனைவி ஜோசெத். மெய்யப்பன் அவர்களுக்கு 'வேர்களைத் தேடி அறுபதாங் கல்யாணம்' என்று ஒரு பேக்கேஜ் தயார் செய்திருந்தார். நாயனம், மாலை, வீடியோ எல்லாம் உண்டு. வேர் மட்டும் இனிமேல்தான் தேட வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து வேனில் வரும்போது, "குவாதலூப்பில் எந்தப் பக்கம்?" என்று சும்மா கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கிராந்த்-தேர்" என்றார் அவர்.

"அவர் மட்டும். நான் பாஸ்-தேர்" என்றார் அந்த அம்மா.

தீவு இரண்டு துண்டு. நடுவில் ஒரு உப்பங்கழி, மேலே பாலம். கிராந்த்-தேர் என்றால் பெரிய நிலம். அதுதான் சின்னது, தட்டையானது, கரும்புக்காடு. பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம். எரிமலையே அங்கேதான் நிற்கிறது. காற்று குறைந்த பக்கத்தை அந்தக் காலத்து மாலுமிகள் 'தாழ்' என்பார்களாம். இதை நான் தமிழில் சொன்னதும், டிரைவர், அமராவதிபுதூர்க்காரர், திரும்பிப் பார்த்தார். "இதுல என்னக்கா இருக்கு? எங்க பாட்டன் பொறந்தப்பவும் எங்க ஊரு புதூருதான்."

மறுநாள் மணவறையில், பேரும் ஊரும் சொல்லும் சங்கல்பத்தைக் குருக்கள் நிறுத்தி என்னைப் பார்த்தார். "பூர்வீகம் எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்கோ."

முசியே ராமசாமி இருவருக்கும் சேர்த்து, "கிராந்த்-தேர்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்துவிட்டார். பிரெஞ்சில் கொட்டியதை என் தமிழில் சொல்கிறேன்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எரிமலை புகைஞ்சுது. எங்க ஊரையே காலி பண்ணி இவுக பக்கத்துக்குக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்துல பாய் போட்டுப் படுக்க வச்சாக. தெருவுல நடந்தா 'எரிமலைக் குழம்பு வருது'ன்னு கத்துவாக. இவுக பக்கம் ஆறு கிடையாது. எங்க மலைத் தண்ணிதான் குழாய்ல போகும். எங்க தண்ணியக் குடிச்சுட்டு எங்களையே கேலி பண்ணுன ஊருக்காரின்னு சாமி முன்னால எழுதிக்கணுமா?"

குருக்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு ஊரையும் சொல்லிடறேன். எதை முதல்ல சொல்லட்டும்?" என்றார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அதிலிருந்து இன்னொரு சண்டை கிளம்பியது.

மெய்யப்பன் என் காதோரம் வந்தார். "என்ன மேடம் சொல்றாக? முகூர்த்தம் போயிரும்."

"எந்தப் பக்கம்னு தகராறு, தம்பி."

"இம்புட்டுதானா?" மைக்கை எடுத்துவிட்டார். வீடியோக்காரரைக் கிட்டே கூப்பிட்டார். "கொத்தமங்கலத்து மண்ணின் மைந்தர் ராமசாமி அவர்கள், பல தலைமுறைக்குப் பிறகு தன் சொந்த ஊருக்கே..."

கூட்டம் கை தட்டியது. சமையல்கட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஜோசெத், "என்ன சொல்றார்?" என்று கேட்டார். கைடு வேலையில் எத்தனையோ பொய்யை நாசூக்காக மொழிபெயர்க்கலாம். தாலித் தட்டுக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

ஜோசெத் மெய்யப்பன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பக்கத்துல இருக்கு, சீக்கிரம் திரும்பிரலாம்னு ஒரு தரகர் சொன்ன பொய்யை நம்பித்தான் எங்க ஆளுக கப்பல் ஏறுனாக. இன்னொரு தரகர் சொல்ற பொய்யில இறங்க எனக்கு இஷ்டமில்லை. இந்த நாட்டுல எங்க ஊர் எதுன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னே இருக்கட்டும்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது மெய்யப்பன் வீடியோக்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தச் சொல்லி.

முசியே ராமசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மனைவி பக்கத்தில் நின்றார். "குழம்புன்னு கத்துன பயலுகள்ல நானும் ஒருத்தன்" என்றார் மெதுவாக.

"தெரியும். ரொம்பச் சத்தமாக் கத்துனதே நீதான்."

அவர் குருக்கள் பக்கம் திரும்பி, "பாஸ்-தேர், காபெஸ்தேர்" என்று அந்த அம்மா பிறந்த ஊரை முதலில் சொன்னார். குருக்கள் அதை "காபஸ்தீர கிராமே" என்று சமஸ்கிருதமாக்கிவிட்டார். அப்புறம் முசியே ராமசாமி தன் பக்கத்தைச் சொன்னார். அந்த அம்மா உட்கார்ந்தார். நாயனக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான்: வந்தவர்களுக்கு ஊர் தெரியவில்லை என்றால், நமக்கும் தெரியவில்லை என்று சொல்வதே மரியாதை. அதற்குப் பிறகு யாருக்கும் நான் பூர்வீகம் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை.

மெய்யப்பனும் பாடம் கற்றார். சாப்பாட்டுப் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது என்னிடம் வந்தார். "மேடம், அடுத்து மார்த்தினிக் தீவுலயிருந்து ஒரு குரூப் வருது. அங்கிட்டும் ரெண்டு பக்கம் இருக்கான்னு மொதல்லயே கேட்டுச் சொல்லிருங்க. ரெண்டு மணவறை போட்டுருவோம்."